மேல்மடைப் பேச்சு, கடைமடைப் பேச்சு

கொங்குப் பக்கம் ஒரே விஷயத்துக்கு நாலு பெயர் உண்டு. பனியன் கம்பெனி முதலாளிகள் "ஊரில் தண்ணீர் போதவில்லை" என்று அமைச்சரிடம் சொன்னால் அது கோரிக்கை. வார்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்து அதையே சொன்னால் மறியல். ஆற்றங்கரை விவசாயி சொன்னால் எதிர்ப்பு. எழுதுகிறவன் எவனாவது சொன்னால் "ஊர் பேரைக் கெடுக்கறான்". விஷயம் ஒன்றுதான். சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பெயர் வைக்கிறோம்.

போன தையில் காங்கயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு வலப்பக்கம் மச்சான். திருப்பூரில் நாற்பது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பவர். இடப்பக்கம் பெரியப்பா, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவர். இலையில் உப்பு விழும் முன்பே மச்சான் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, எழுதறதுதான் எழுதறீங்க, நாலு நல்லதையும் எழுதுங்க. எப்பப் பார்த்தாலும் ரோடு சரியில்லை, ஆறு சரியில்லைன்னா எவன் ஆர்டர் குடுப்பான்?"

பெரியப்பா இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "நல்லது இருந்தா தானாத் தெரியுமுங்க மாப்பிள்ளை. எழுதித்தான் காட்டோணுமா?" என்றார்.

இந்தப் பேச்சு கொங்குநாட்டில் தினமும் எங்காவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. பேக்கரியில் டீ ஆறும் நேரத்தில், சங்கக் கூட்டத்தில், அவிநாசி பஸ்ஸில். ஒருவர் ஊரைத் தூக்கிப் பேசுவார், இன்னொருவர் போட்டு உடைப்பார். கேட்பவர்கள் அதை மனுசர் சுபாவம் என்று விட்டுவிடுவார்கள்: அவர் எப்பவும் தெம்பாப் பேசுவாரு, இவர் எப்பவும் நொட்டை சொல்லுவாரு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்க்கால் பாசனம் தெரிந்த யாருக்கும் அப்படித் தோன்றாது. வாய்க்கால் தொடங்கும் பக்கம் இருக்கும் மேல்மடைக்காரருக்கு அது நல்ல வாய்க்கால். முடியும் பக்கம் இருக்கும் கடைமடைக்காரருக்கு அது வராத வாய்க்கால். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே தண்ணீரைத்தான்.

கீழ்பவானியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும் வாய்க்கால். அதற்குக் கான்கிரீட் தளமும் பக்கச் சுவரும் போட 2020ல் அரசு திட்டம் கொண்டுவந்தது. கடைமடை விவசாயிகள் போடு என்றார்கள். கசிவு நின்றால்தான் அவர்கள் வயலுக்குத் தண்ணீர் எட்டும். மேலேயும் நடுவிலும் இருந்த பலர் போடாதே என்றார்கள்; அந்தக் கசிவுதான் அவர்கள் கிணற்றில் ஊறுகிறது, கரையோரத் தென்னைக்கும் அதுதான் ஈரம். இதில் யார் வளர்ச்சியை விரும்புகிறவர், யார் குறை சொல்லி என்று ஒரு பட்டிமன்றம் வைத்தால் ஊர் சிரிக்கும். கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். வாய்க்காலில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், பேச்சு நகரத்துக்குத் தாவியதும் அதை மறந்துவிடுகிறோம்.

மச்சானின் பயத்தை முதலில் சொல்கிறேன். அதைச் சிரித்து ஒதுக்க முடியாது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொங்கு என்றால் வசதியான ஊர். 2011 கணக்கெடுப்பிலேயே கோவை மாவட்டத்தில் நாலில் மூன்று பேர் நகரவாசிகள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலத்தையும் சேர்த்தால் ஆறு மாநகராட்சிகள். இங்கே என்ன தத்தளிப்பு என்று கேட்பார்கள். இது பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பணம் இல்லை, பாவு ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் பணம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஓர் இழை அறுந்தாலும் தறி நின்றுவிடும். கடந்த பதினேழு வருடத்தில் எத்தனை முறை அறுந்தது என்று எண்ணிப் பாருங்கள். 2008ல் தொடங்கி நாலைந்து வருடம் மின்வெட்டு. 2011ல் சாயப்பட்டறை மூடல். 2016ல் செல்லாத நோட்டு, அடுத்த வருடமே ஜிஎஸ்டி. 2020ல் கொரோனா; அந்த ஊரடங்கில் நிறுத்திய என்டிசி (மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகம்) மில்கள் கோவையில் பழையபடி ஓடவே இல்லை. 2022 மே மாதம் பஞ்சு ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது, அதே வருடம் செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. சோமனூர், பல்லடம் தறிக்காரர்கள் கூலி உயர்வுக்காக எத்தனை முறை தறியை நிறுத்தினார்கள் என்ற கணக்கு எனக்கே தப்பிப்போய்விட்டது. கடைசியாக 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி. அந்த மாதம் மச்சான் வீட்டுக்குப் போனபோது டிவியில் கிரிக்கெட் ஓடவில்லை, டிரம்ப் ஓடிக்கொண்டிருந்தார்.

இப்படி அடி மேல் அடி வாங்கின இடத்தில் ஊர் பேர் என்பது ஏறக்குறைய அடமானச் சொத்து. வெளிநாட்டு பையர் ஓர் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை, கழிவுப் பிரச்சினை என்று கேள்விப்பட்டால் அடுத்த சீசன் ஆர்டரை வங்கதேசத்துக்குத் தள்ள அவருக்கு ஒரு மெயில் போதும். ஐரோப்பாவுக்கு அங்கிருந்து வரி இல்லாமல் போகிறது, ஏற்கெனவே நமக்கு அதில் இழுபறி. ஆர்டர் குறைந்தால் வங்கியில் கடன் லிமிட்டைக் குறைப்பார்கள். லிமிட்டுக்குப் பிணையாகக் கொடுத்திருப்பது பெரும்பாலும் அப்பா காலத்துக் காடு. அந்தக் காட்டின் விலை ஊர் வளர்கிறது என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆக, "ரோடு சரியில்லை" என்று ஒருவன் எழுதினால் மச்சானுக்கு அது ரோடு பற்றிய வரி இல்லை, மேனேஜர் டேபிளில் கிடக்கும் அவருடைய ஃபைல் பற்றிய வரி. குறை சொல்பவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் அவரைக் கண்ணை மூடிக்கொண்ட மனுசன் என்று ஒதுக்குவது நியாயம் இல்லை.

மச்சான் மாதிரி பயந்து நல்லதைப் பேசுகிறவர்கள் ஒரு ரகம். நல்லதை விற்கிறவர்கள் வேறு ரகம். சைட் போட்டு விற்பவர்களின் பிளக்ஸில் எல்லா இடமும் விமான நிலையத்துக்குப் பத்து நிமிடம். இந்த இரண்டாவது ரகத்தோடு நமக்கு இங்கே வேலையில்லை.

இப்போது பெரியப்பாவின் பக்கம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்குப் பக்கம், 1992ல் ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. அதே வருடங்களில்தான் திருப்பூர் ஏற்றுமதி வேகம் பிடித்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கொஞ்ச நஞ்சம் இல்லை, மூட்டை மூட்டையாக. துணி அலசிய தண்ணீரில் அந்த உப்பு அப்படியே வெளியே வரும். அது நொய்யலில் இறங்கியது. அணை அதைப் பத்திரமாகத் தேக்கி வைத்துக்கொண்டது. உலகத்தில் எங்கேயும் விவசாயி அணையைத் திற, தண்ணீர் விடு என்று கேட்பார். எங்கள் பக்கம் மட்டும், தேக்காதே, தேக்கியதை எங்கள் வயலுக்கு விடாதே என்று கேட்டார்கள். கிணறுகள் உப்பேறின. பெரியப்பா வீட்டில் அந்தக் காலத்தில் கை கழுவியது ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. வழவழவென்று கையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரியம்மா குடிதண்ணீருக்குத் தனியாக ஒரு குடம் வைத்திருப்பார், அதன்மேல் எப்போதும் தட்டு மூடியிருக்கும், பிள்ளைகள் கை வைக்கக்கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1990களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. ஆற்றில் சிவப்பும் நீலமுமாக ஓடிய தண்ணீரின் நிறம் அவற்றால் குறைந்தது. பார்த்தவர்களுக்குத் திருப்தி, பார், சரியாகிவிட்டது என்றார்கள். நிறத்தை எடுக்கும் அந்த முறை கரைந்த உப்பை எடுக்காது. தண்ணீர் தெளிவாக இருக்கும், டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, மட்டும் அப்படியே நிற்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கண்ணால் பார்த்தவர் நம்பிக்கையாகப் பேசினார், மீட்டரை முக்கிப் பார்த்தவர் குறை சொன்னார். அன்று "தொழில் விரோதி" என்று பெயர் வாங்கியவர்கள் கையில் இருந்தது வெறும் கோபம் இல்லை, ஓர் எண்.

அணையின் பாசனப் பரப்பான ஆயக்கட்டு விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2006ல் தீர்ப்பு, உச்ச நீதிமன்றம் 2009ல் அதை உறுதி செய்தது. பட்டறைகள் அவகாசம் கேட்டன, கேட்டன, கேட்டுக்கொண்டே இருந்தன. 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள். அந்த மாதங்களில் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியும் பையுமாகத் தென் மாவட்டத்துக்கும் வடக்கேயும் கிளம்பியவர்களைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஊரை அழிச்சிட்டாங்க என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். என்னையும் சேர்த்துத்தான். வேலை ஈரோடு பக்கமும் வெளி மாநிலத்துக்கும் போனது. கொஞ்சம் ராத்திரியோடு ராத்திரியாகக் கிராமத்து ஷெட்டுகளுக்கும் போனது.

பிறகு மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ), அதற்குப் பின்னால் ஆவியாக்கி என்று இயந்திரங்கள் ஏறின. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் முறை நடைமுறைக்கு வந்தது. இன்றைக்குத் திருப்பூரில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த முறையில் ஓடுகின்றன. பையர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போகிறார்கள். மச்சான் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சங்கத்துக் கையேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே அந்தப் படம் இருக்கிறது: "நீரை மறுசுழற்சி செய்யும் நகரம்". ஒரத்துப்பாளையத்துக்காரர்கள் பெயர் மட்டும் அந்தக் கையேட்டில் எங்கேயும் இல்லை. 1990களில் அவர்கள் சொன்ன குறைதான் இப்போது ஊரின் விளம்பரம். ஆர்ட் பேப்பரில், நாலு வண்ணத்தில்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. எதற்கும் உதவாத கலவை உப்பு ஷெட்டுகளில் குவிந்து கிடக்கிறது. மழை பெய்து நொய்யலில் புதுத் தண்ணீர் வரும் முதல் நாள் நுரை வருகிறது, ஊர் வீடியோ எடுக்கிறது. யார் விட்டது என்ற விவாதம் தண்ணீர் வடியும்வரை ஓடும்.

தொழில்காரர்களும் குறை சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பலனும் கிடைத்திருக்கிறது என்பதை நாம் கவனிப்பதே இல்லை. 1990களில் திருப்பூர் தண்ணீர் லாரியில் ஓடியது. சுற்றுக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வாங்கித்தான் சாயம் போட்டார்கள். நகராட்சிக் குழாயில் எப்போதாவது தண்ணீர் வரும். முதலாளிகள் இப்படியே போனால் ஊரை மூட வேண்டியதுதான் என்று டெல்லி வரை போய்ச் சொன்னார்கள். அதிலிருந்துதான் பவானியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்து வரும் திட்டம் பிறந்தது. அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் முறையில் இந்தியாவில் வந்த முதல் தண்ணீர்த் திட்டங்களில் ஒன்று, 2000களின் நடுவில் ஓடத் தொடங்கியது. "இந்த ஊரில் தண்ணீர் இல்லை" என்று அமைச்சர் மேடையிலேயே சொன்னவர்களை எவரும் ஊர் பேரைக் கெடுத்தவர் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது. ஆற்றோரக்காரர்களுக்கும் அதே மரியாதை கிடைத்திருந்தால் 2011 அப்படி ஒரே நாளில் வந்து விழுந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. 1997லோ 1998லோ நிதானமாகச் செய்திருக்க வேண்டியதைப் பதினைந்து வருடம் தள்ளி, கோர்ட் கழுத்தைப் பிடித்தபிறகு, கடன் வாங்கிச் செய்தார்கள்.

குறை சொல்பவர்கள் எல்லாரும் மீட்டரோடு வருவதில்லை. எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலத்துல நொய்யல்ல கையால அள்ளிக் குடிச்சோம்" என்று ஆரம்பிப்பவர், அந்தக் காலத்தில் திருப்பூரில் என்ன வேலை இருந்தது, எத்தனை பேருக்கு இருந்தது என்ற இடத்துக்கு வரமாட்டார். நெரிசல், குப்பை, வாடகை, எதைக் கேட்டாலும் "எல்லாம் வடக்கத்திக்காரங்க வந்ததால" என்று முடிப்பவர் இன்னொருவர். அவர் வீட்டு மாடியில் தகரம் போட்டு எட்டுப் பேரை வாடகைக்கு வைத்திருப்பார். மூன்றாவது, "இந்த ஊர் உருப்படாது" என்ற ஒரே வாக்கியத்தோடு எல்லாப் பேச்சையும் மூடுபவர். அதைக் கேட்டு எந்த அதிகாரியும் எதையும் செய்ய வேண்டியதில்லை. எந்தத் தெரு, எந்தச் சாக்கடை, எந்தத் தேதி என்று ஒன்றுமே அதில் இல்லையே. கமிஷனருக்கு இதைவிட வசதியான புகார் கிடையாது.

நானும் அந்த மூன்றாவது ரகத்தில் இருந்திருக்கிறேன். பவானித் தண்ணீரை எங்கள் பக்கத்துக் குளங்களுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் என் அப்பா வாலிபராக இருந்த காலத்திலிருந்து பேசப்பட்டது. ஒவ்வொரு தேர்தலிலும் வரும், ஓட்டு எண்ணி முடிந்ததும் போகும். 2016 பிப்ரவரியில் அவிநாசியில் நாள் கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். நானும் ஒரு நாள் போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன், நம்பிக்கையில் போகவில்லை, சொந்தக்காரர்கள் இருந்தார்கள் என்பதற்காக. 2019ல் அடிக்கல் நாட்டியபோது, "கல்லு நட்டாச்சு, இனி கல்லுக்குப் பூசை போட வேண்டியதுதான்" என்று நாலு பேர் முன்னால் கிண்டல் அடித்தேன். 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி திட்டம் திறக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகையாக ஓடும் பவானித் தண்ணீரில் 1.5 டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் ஊர்க் குட்டையில் குழாய் முதலில் காற்றைத்தான் துப்பியது. அப்புறம் செம்மண் கலந்து ஒரு கை தடிமனுக்குத் தண்ணீர். கிண்டல் அடித்த நாலு பேரில் ஒருவர் எனக்குப் போன் போட்டு, "பூசைக்கு வர்றீங்ளா?" என்று கேட்டார்.

அந்த உண்ணாவிரதப் பந்தலை இப்போது நினைத்தால் ஒன்று தோன்றுகிறது. அறுபது வருடம் ஓர் ஊர் ஒரே புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தது என்றால் அது எப்பேர்ப்பட்ட நம்பிக்கை! நம்பிக்கை போயிருந்தால் தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூரில் லைன் வீடு கட்டியிருப்பார்கள். பலர் அதைத்தான் செய்தார்கள். மிச்சம் இருந்தவர்கள்தான் மனு எழுதினார்கள். திட்டம் வந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை, விடுபட்ட குளங்களுக்கு இரண்டாம் கட்டம் வேண்டும் என்று மறுபடி மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கோவையில் இந்தச் சண்டை இப்போது மெட்ரோவைச் சுற்றி நடக்கிறது. அவிநாசி ரோடு, சத்தி ரோடு என்று இரண்டு வழித்தடம், பத்தாயிரம் கோடிக்கு மேல் மதிப்பீடு. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. சொன்ன காரணங்களில் முக்கியமானது, 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், கோவைக்கு இல்லை என்பது. அரசியல் உடனே பற்றிக்கொண்டது, ஒருவர் துரோகம் என்றார், இன்னொருவர் பகல் கனவு என்றார். அந்த எண்ணை மட்டும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைப்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 10.5 லட்சம். அதே வருடம் எல்லை விரிந்து 100 வார்டு ஆனபோது அது ஏறக்குறைய 15.8 லட்சம். சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதிக்கு அதே கணக்கெடுப்பு கொடுப்பது 21 லட்சத்துக்கு மேல். மூன்று எண்ணும் சர்க்கார் எண், மூன்றும் ஒரே வருடத்தவை. 2021ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு எடுக்கவில்லை. எங்கே கோடு போடுகிறாய் என்பதற்குத் தகுந்தபடி கோவை மெட்ரோவுக்குத் தகுதியான ஊர், தகுதியில்லாத ஊர் இரண்டும்தான்.

திருப்பி அனுப்பிய கடிதத்தில் பயணிகள் மதிப்பீடு, சாலை அகலம் பற்றிய கேள்விகளும் இருந்தன. அவற்றுக்கு யாராவது வரி வரியாகப் பதில் எழுதியிருந்தால் நான் ஆவலாகப் படித்திருப்பேன். தெருவில் கேட்டது முழுக்க மானப் பிரச்சினை. மெட்ரோ கேட்பவன் ஊர்ப் பற்றாளன், கேள்வி கேட்பவன் டெல்லி ஆள். காலை எட்டு மணிக்குச் சிங்காநல்லூரில் 1சி பஸ் பிடிக்கவோ, ஷேர் ஆட்டோவில் ஒண்டிக்கொள்ளவோ நிற்கிற ஒரு நர்ஸம்மாவை யாரும் கேட்கவில்லை.

மேம்பாலங்களிலும் இதே கதைதான். 2017ல் காந்திபுரத்தில் பாலத்தைத் திறந்தபோது மேலே காலியாக இருந்தது, கீழே சிக்னலில் வண்டி நின்றது. கோவைக்காரர்கள் நன்றாகவே கிண்டல் அடித்தார்கள். 2025 அக்டோபர் 9ஆம் தேதி அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலத்தைத் திறந்தார்கள், 1,791 கோடி ரூபாய். அதில் போய்ப் பார்த்தேன், சுகமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். இறங்கும் இடத்தில் மேலே மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மேல்மடையில் ஓடும் கார்க்காரர் ஒன்று சொல்வார், கீழே தூணுக்குத் தூண் நடந்து ரோட்டைக் கடக்கும் வயசானவர் வேறு சொல்வார்.

இந்த ஊரில் வாக்குறுதிக்கு ஒரு சராசரி ஆயுள் இருக்கிறது, பதினைந்து வருடம். 2010 செம்மொழி மாநாட்டின்போது சொன்ன செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறந்தது. விமான நிலைய விரிவாக்கத்துக்கான நில எடுப்பும் அதே அளவுக்கு இழுத்தது. 1994ல் ஒப்புதல் ஆன நகரத் திட்டத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஊரை நடத்தினார்கள். வெள்ளலூரில் 2020ல் வேலை தொடங்கிய பேருந்து நிலையம் பாதியிலேயே நின்றுபோனது. ஆகவே "வரும், கண்டிப்பா வரும்" என்பவரும் சரி, "வராது" என்பவரும் சரி. வரும்போது சொன்னவர்களில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள், அவ்வளவுதான். சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதியும் பேசியும் வந்தவர் பத்திரிகையாளர் சே.ப.நரசிம்மலு நாயுடு. ஊரில் நல்ல தண்ணீர் இல்லை என்று அச்சடித்துச் சொன்ன மனுசர் அவர். 1922ல் போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீர் வந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். நடுவில் பிளேக் வந்து போனது. கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் இருக்கின்றன.

வெள்ளலூர் என்றேன். கோவையின் குப்பைக்குக் கடைமடை அதுதான். 600 ஏக்கருக்கு மேல் பரந்த கிடங்கு. 2024 ஏப்ரலில் பற்றிய தீயை அணைக்க நாள் கணக்கில் ஆனது. அந்த வாரம் நான் உக்கடம் பெரியகுளக் கரையில் ஒரு சாயங்காலம் நின்றேன். 2016ல் முதல் இருபது நகரங்களில் ஒன்றாகக் கோவையைப் பொலிவுறு நகரமாகத் தேர்ந்தெடுத்த பிறகு போட்ட நடைபாதை, விளக்கு, உட்கார மேடை. ஒரு குடும்பம் குழந்தையைக் கம்பியில் ஏற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது, இருபது வருடத்துக்கு முன்னால் அந்தக் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு வாய்க்கால் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் குளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது, அதன்மேல் ஆகாயத்தாமரை பச்சைப் பசேலென்று. காற்று திரும்பியபோது தீ வாசம் வந்தது, வெள்ளலூரிலிருந்தா வேறெங்கிருந்தா தெரியாது. குழந்தையின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே, "இன்னொன்னு எடுங்க, கண்ணை மூடிட்டான்" என்றார்.

திருப்பூருக்கு வெள்ளலூர் மாதிரி ஒரே இடம் இல்லை, பாறைக்குழிகள் இருக்கின்றன. கல் எடுத்து முடித்த குழிகளில் குப்பையைக் கொட்டப் போவார்கள், கிராமத்துக்காரர்கள் லாரியை மறிப்பார்கள். 2025 முழுக்க இதே செய்திதான். மறிப்பவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது: மழை பெய்தால் இந்தக் குழித் தண்ணீர் எங்கள் கிணற்றுக்குத்தானே வரும்? அதற்கு எண்ணோடு பதில் சொல்ல வேண்டிய இடத்தில், வளர்ச்சிக்கு ஒத்துழையுங்கள் என்கிறார்கள். ஒரத்துப்பாளையத்தில் 1990களில் சொன்ன அதே வாக்கியம்.

கல்யாணத்துக்குத் திரும்புகிறேன். பாயசம் வந்தபோது மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். திருப்பூரில் வாடகை கட்டுப்படியாகவில்லை, பெரியப்பா பக்கம் நாலைந்து ஏக்கர் சல்லிசாகக் கிடைத்தால் ஷெட்டைக் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்று யோசனை. தோதான இடம் ஏதாவது இருக்குங்களா என்று கேட்டார்.

"இருக்குதுங்க. ஆத்துக்குத் தெற்கால ஒண்ணு விலைக்கு வருது" என்றார் பெரியப்பா. ஒரு வாய் பாயசம் குடித்துவிட்டு, "எடுக்கறதுக்கு முன்னால போர்த் தண்ணியை டெஸ்ட் பண்ணிப் போடுங்க. விக்கிறவன் நல்ல தண்ணின்னுதான் சொல்லுவான்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூடப் போனேன். போர் மோட்டாரைப் போட்டுவிட்டு, முதல் பத்து நிமிடம் ஓடட்டும், பழசு போகட்டும் என்று பெரியப்பா எங்களை நிறுத்திவைத்தார். பிறகு மச்சான் தன் காரிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, இரண்டு முறை அலசி ஊற்றிவிட்டு, விளிம்பு வரை பிடித்தார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பார்க்க நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூடியை இறுக்கித் திருகி, தேதியையும் சர்வே நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு பாட்டிலில் சுற்றிக் கொடுத்தார்.